எந்த இரைச்சல் யாருடையது: ஒரு பேவ்மென்ட் தட்டோடு மூன்று வார இறுதிகள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது தேவையே இல்லாத வேலை. பேவ்மென்ட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'வெஸ்டிங்' தொகுப்பு சிடியில் கிடைக்கும், போனில் தேடினால் அடுத்த நொடி பாடும். ஆனாலும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில் அதன் வினைல் எல்பியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அட்டை நன்றாக இருந்தது. தட்டைத்தான் முந்தைய சொந்தக்காரர் தோசைத் திருப்பியால் சுரண்டியிருப்பார் போல. விலை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, கணினியில் ஏற்றி, காரில் கேட்கும்படி ஆக்கிவிடலாம், ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று வார இறுதிகள் போயின.

தட்டைப் பற்றிக் கொஞ்சம். முழுப்பெயர் 'வெஸ்டிங்: பை மஸ்கெட் அண்ட் செக்ஸ்டன்ட்'. 1993-இல் சிகாகோவின் டிராக் சிட்டி என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பேவ்மென்ட்டின் முதல் முழு ஆல்பமான 'ஸ்லாண்டட் அண்ட் என்சான்டட்' வந்து பெயர் பரவியிருந்தது. அப்போது வந்து சேர்ந்த ரசிகர்களுக்கு, அதற்கு முன் சின்னச் சின்னப் பதிப்பாக வந்த தட்டுகள் எதுவும் கையில் கிடைக்கவில்லை. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததுதான் இது. 1989-இன் 'ஸ்லே டிராக்ஸ்', 1990-இன் 'டெமாலிஷன் ப்ளாட் ஜே-7', 1991-இன் 'பர்ஃபெக்ட் சவுண்ட் ஃபாரெவர்', அதே ஆண்டின் 'சம்மர் பேப்' சிங்கிளும் அதன் பின்பக்கப் பாட்டுகளும், கடைசியாக உதிரியாக இரண்டு. மொத்தம் 23 பாட்டு, ஒரே தட்டில்.

இதில் என்னை இழுத்தது முதல் ஐந்து பாட்டுதான், அதாவது 'ஸ்லே டிராக்ஸ்'. பேவ்மென்ட்டைத் தொடங்கிய ஸ்டீபன் மால்க்மஸும் ஸ்காட் கன்பெர்க்கும் ஸ்டாக்டனில் வளர்ந்த பையன்கள். ஸ்டாக்டன் எங்கள் வீட்டிலிருந்து ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1989 ஜனவரி 17 அன்று இருவரும் அதே ஊரில் கேரி யங் என்பவர் வீட்டிலேயே நடத்திய ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஸ்டூடியோவின் பெயர் 'லவுடர் தேன் யூ திங்க்', அதாவது நீ நினைப்பதைவிடச் சத்தம். யங் அவர்களைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். பையன்கள் கிதாரோடு வந்து இரைச்சல் கிளப்புவதைப் பார்த்து அவரே டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டார், அப்புறம் சில வருடம் இசைக்குழுவின் டிரம்மராகவும் இருந்தார். செலவு சுமார் 800 டாலர், அச்சடித்தது 1000 தட்டு, வெளியிட்டது கன்பெர்க்கின் சொந்த நிறுவனம். உறையில் சொந்தப் பெயர்கூடப் போடவில்லை: ஒருவர் 'எஸ்.எம்.', இன்னொருவர் 'ஸ்பைரல் ஸ்டேர்ஸ்'. அந்த ஆயிரத்தில் ஒன்று எப்படியோ இங்கிலாந்துக்குப் போய், லீட்ஸ் நகரத்து வெடிங் பிரசன்ட் குழு அதிலிருந்த 'பாக்ஸ் எல்டர்' பாட்டை 1990-லேயே தாங்கள் பாடி வெளியிட்டுவிட்டார்கள். கேரி யங் 2023-இல் இறந்துபோனார். அந்தச் செய்திக்குப் பிறகுதான் இந்தத் தட்டைக் கடைகளில் தேட ஆரம்பித்தேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சனிக்கிழமை முழுவதும் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கே போனது. என்னுடையது பெல்ட் ஓட்டும் வகை. கராஜில் இரண்டு கோடை இருந்ததில் பெல்ட் விறைத்துப் போயிருந்தது. போனைத் தட்டின் மேல் வைத்துச் சுழற்சியை அளக்கும் செயலி இருக்கிறது. அதில் பார்த்தால் நிமிடத்துக்கு 33.3 சுற்று வர வேண்டிய இடத்தில் 32.6-க்கும் 33.9-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடியது. கேட்க ஒன்றும் தெரியாது என்று நினைப்போம், ஆனால் 33.9 என்றால் சுருதி ஒரு அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். பாடகர் மால்க்மஸ் ஏற்கெனவே சுருதிக்குள் முழுதாக நிற்காத ஆள். அவருக்கு நானும் உதவக் கூடாது. புது பெல்ட், மோட்டார் கப்பியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பு, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். ஓடவிட்டு அரை மணி கழித்து அளந்தால் 33.35-இல் நின்றது. போதும்.

அடுத்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். தரை வயர் தளர்ந்திருந்தது. திருகாணியை இறுக்கியதும் பாதி போனது. மீதி, தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் பிரீஆம்ப்பின் அடாப்டரையும் கணினியையும் ஒரே மின்பலகையில் செருகியதும் போனது. இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படத்தில்) 60, 120, 180 என்று படுக்கைக் கோடுகள் தெரியும். ஊரில் என்றால் 50, 100, 150 பார்க்க வேண்டும். கோடு மறைந்தால் உறுமல் போய்விட்டது என்று கண்ணாலேயே உறுதி செய்யலாம்.

கழுவல் பற்றி நீட்ட வேண்டாம். வாலைவடி நீர், அதில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், ஊசி ஓடும் பள்ள வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பு, பிறகு வெறும் வாலைவடி நீரில் ஒரு அலசல். தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் லேபிளில் தண்ணீர் படக் கூடாது. ஓர் எச்சரிக்கை: தாத்தா வீட்டுப் பரணில் 78 வேகத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹாலில் அரக்கு கரையும்.

கழுவிய பிறகும் விளிம்பு நெளிந்தேதான் இருந்தது. ஊசியின் பாரத்தை 1.8 கிராமிலிருந்து 2.1-க்கு ஏற்றினேன். ஊசி பொருத்திய என் கார்ட்ரிட்ஜ் 2.2 வரை தாங்கும். அப்படியும் முதல் பாட்டான 'யூ ஆர் கில்லிங் மீ' தொடங்கும் இடத்தில் ஊசி ஒரு முறை துள்ளியது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவு. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தொடும் அளவு. பக்கத்துக்கு 20 நிமிடத்தை நன்றாகத் தாண்டுகிறது. ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரத்தைத் திணித்தால் வரிகள் நெருக்கமாகும், ஒலி மட்டம் குறையும், தட்டின் சொந்தச் சரசரப்பு பாட்டுக்கு அருகில் வந்துவிடும். இந்தத் தட்டில் அதுதான் நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. இரைச்சல் நீக்க ஒரு பொத்தான் இருக்கிறதே.

அந்தப் பொத்தான் எப்படி வேலை செய்கிறதென்றால், பாட்டு இல்லாத ஒரு துண்டைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று சொல்ல வேண்டும். அது எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று மென்பொருள் குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவிலும் அந்த அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்கும். நான் செய்த முட்டாள்தனம், 'ஸ்லே டிராக்ஸ்' பாட்டு ஒன்றின் முதல் டிரம் அடிக்கு முன்னால் இருந்த இரண்டு நொடியைக் காட்டியது. அங்கே 'உஸ்ஸ்' என்று கேட்டது, இரைச்சல் என்று எடுத்துக்கொண்டேன். 12 டெசிபல் குறை என்றேன். ஓடி முடித்தது. போட்டுக் கேட்டால், கிதார் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து வாசிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம். டிரம்ஸ் அட்டைப்பெட்டி. கேரி யங்கின் வீட்டையே காலி செய்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அந்த இரண்டு நொடியில் இருந்தது தட்டின் சத்தம் மட்டுமா? ஆம்ப்ளிஃபையர் போட்டுவிட்டு வாசிக்கக் காத்திருக்கும் கிதாரின் சீறல், டேப்பின் உஸ், அந்த அறையின் காற்று எல்லாம் அதில் இருந்தன. அவற்றை இரைச்சல் என்று நானே காட்டிக்கொடுத்தேன். அதோடு இவர்களுடைய கிதாரே மேலிருந்து கீழ்வரை எல்லா அதிர்வெண்ணையும் நிரப்பும், வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஃபஸ் கிதார். ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பாட்டு எது, அழுக்கு எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இவர்கள் வேறு, வேண்டுமென்றே அழுக்கை உள்ளே விட்டவர்கள். சிடி வந்த புதிதில் அதை விற்கப் போட்ட விளம்பர வாசகம் 'பர்ஃபெக்ட் சவுண்ட் ஃபாரெவர்', குறையே இல்லாத ஒலி என்றென்றைக்கும். இவர்கள் 1991-இல், கரகரவென்று தேய்ந்த ஒலியோடு, பத்து அங்குல வினைல் தட்டுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்தத் தட்டின் ஏழு பாட்டுக்கும் நான் இரைச்சல் நீக்கியைப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு மூலப் பதிவுக்குத் திரும்பினேன். இரண்டாவது வாரம் வேறு முறை. முதலில் எதையும் நீக்குவதில்லை, பெயர் மட்டும் வைப்பது. ஆடாசிட்டியில் பாட்டின் கீழே குறிப்புப் பட்டை ஒன்று ஓட்டலாம். கேட்டுக்கொண்டே போய், சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி அதற்கொரு பெயர் எழுதினேன். இங்கே தமிழ் கைகொடுத்தது. இங்கிலீஷில் எழுதினால் எல்லாமே 'நாய்ஸ்'. தமிழில் காது என்ன கேட்கிறதோ அதை அப்படியே எழுதலாம். 'டக்', 'டிக்டிக்', 'கரகர', 'சரசர', 'உஸ்', 'கொர்', 'பொறிபொறி'. இந்தக் கடைசி வார்த்தை அகராதியில் இருக்குமா என்று தெரியாது, அப்பளம் பொரியும் சத்தம் என்று எனக்குப் புரியும், அது போதும். 'ஃபோர்க்லிஃப்ட்' பாட்டுக்கு வந்தபோது குறிப்புப் பட்டை எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டது.

அம்மா அப்போது இங்கே வந்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரி. கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், "ஏ ஐயா, ஸ்டேஷன் சரியா நிக்கலையா?" என்றார்கள்.

ரேடியோ இல்லைம்மா, இசைத்தட்டு என்றேன். இரைச்சலை எடுக்கப் பார்க்கிறேன், எது தட்டின் இரைச்சல், எது அவர்கள் போட்டது என்று பிரிக்க முடியவில்லை என்றேன். சிறுவயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காது அது. அலை ஏறி இறங்கும்போது பாட்டைப் பிடித்துக்கொள்வது, மின்னல் வெட்டு எது, பக்கத்து வீட்டு மோட்டார் எது என்று சத்தத்திலேயே சொல்வது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். கீரைத்தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். முகம் சுளித்தது. கொஞ்ச நேரம் கழித்து விரல் மேஜையில் தட்ட ஆரம்பித்தது. பாட்டின் தாளத்துக்கு இல்லை, அதைவிட மெதுவாக, தனியாக.

"இந்த டக்கு மட்டும் ஒரே கணக்குல வருது பாரு. பாட்டு வேகமாப் போனாலும் இது மாறல. இது தட்டு சுத்துறப்ப வர்றது."

அவ்வளவுதான் சொன்னார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "பாட்டு ஒண்ணும் வெளங்கல" என்று கீரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. திரையில் அம்மா தட்டிய 'டக்'குகளின் இடைவெளியை அளந்தேன்: 1.8, 1.8, 1.8. தட்டின் குறுக்கே ஓடும் ஒரு கீறலை ஊசி ஒவ்வொரு சுற்றிலும் தாண்டுகிறது. எந்தப் பாட்டானாலும் அதே இடைவெளிதான். 1989-இன் ஸ்டாக்டனில் யாரும் 1.8 நொடிக்கு ஒரு முறை எதையும் தட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்படியானால் 1.8 நொடிக் கணக்கில் வருவது என் தட்டுடையது, மற்றது அவர்களுடையதாக இருக்கலாம்.

இதோடு இன்னொரு சோதனையும் சேர்ந்துகொண்டது. ஸ்டீரியோ தட்டில் வரியின் ஒரு சுவர் இடப்பக்க ஒலி, மறுசுவர் வலப்பக்க ஒலி. கீறல் பெரும்பாலும் ஒரு சுவரைத்தான் அதிகமாகக் காயப்படுத்தும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'டக்' ஒரு பக்கம் முள்ளாக நிற்கும், மறுபக்கம் சும்மா இருக்கும் அல்லது சின்னதாகத் தெரியும். டிரம் அடி என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக எழும், வாலும் இருக்கும். முள்ளுக்கு வால் கிடையாது. இந்த இரண்டு சோதனையிலும் மாட்டிய சத்தங்களை மட்டும் கையால் சரிசெய்தேன். பெரிதாக்கி, முள் நிற்கும் நூறு ஒலிப்புள்ளிகளுக்குள் உள்ள துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, இருபுறமும் உள்ள அலையை வைத்து நடுவே கோடு இழுக்கச் சொல்லும் வசதி ஒன்று உண்டு. ஒரு டக்குக்குப் பதினைந்து நொடி ஆகும். இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் நிறுத்தியிருப்பேன்.

மொத்தச் சரசரப்புக்கும் ஒரு வழி கிடைத்தது. இரைச்சலின் மாதிரியைப் பாட்டுக்குப் பக்கத்தில் எடுக்காமல், ஊசி தட்டில் இறங்கியதும் பாட்டு தொடங்குவதற்கு முன் ஓடும் வெற்று வரியில் எடுத்தேன். அங்கே ஸ்டூடியோ இல்லை, டேப் இல்லை, வினைல் மட்டும்தான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். வெளிவிளிம்பில் வரி ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே லேபிள் அருகே 20-ஐச் சற்றுத் தாண்டுகிறது. வேகம் மாறினால் சரசரப்பின் குரலும் மாறும். அதனால் பக்கத்தின் முதல் பாதிக்கு வெளி வரியின் மாதிரி, இரண்டாம் பாதிக்குப் பாட்டு முடிந்த பின் ஊசி சுற்றிக்கொண்டிருக்கும் உள் வரியின் மாதிரி. குறைத்தது 4 டெசிபல் மட்டும். அதற்கு மேல் போனால் வளையல் சத்தம் திரும்பி வந்துவிடுகிறது. 'ஹெக்லர் ஸ்ப்ரே' போன்ற வெறும் கிதார்ப் பாட்டில் அதையும் போடவில்லை.

பாட்டுகளைப் பிரிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். 23 பாட்டில் பலவும் இரண்டு நிமிடத்தைச் சுற்றித்தான். ஆனால் ஒன்று எங்கே முடிகிறது என்பது சில இடங்களில் விவாதத்துக்குரியது. கிதாரின் சீறல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு போய்விட்டிருக்கும். வால் முழுவதையும் முந்தைய பாட்டுக்கே கொடுத்துவிட்டேன். 'ரெக்கார்டர் க்ராட்' இரண்டு முறை வருவதால் கோப்புப் பெயரில் ஒன்றோடொன்று மோதி, ஒன்று அழிந்துபோய், மறுபடி ஏற்றுமதி செய்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கோப்புகளுக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள்.

'சம்மர் பேப்'பை மட்டும் இரண்டு மூன்று முறை சும்மா கேட்டேன். 'ஸ்லாண்டட் அண்ட் என்சான்டட்' ஆல்பத்தில் இருப்பது 'வின்டர் வெர்ஷன்' என்ற பெயரில், இங்கே இருப்பது அதற்கு முந்தைய சிங்கிள். ஆல்பத்தைப் பல வருடம் கேட்டுப் பழகியவனுக்கு இது பழகிய ஆளை வேறு சட்டையில் பார்ப்பது போல. எனக்கு இந்தச் சட்டைதான் பிடிக்கிறது. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை, அது அவன் பாடு.

மூன்றாவது வாரம் பரீட்சை. நான் அழித்ததெல்லாம் உண்மையிலேயே தட்டின் குறைதானா? இதற்காக அதே தொகுப்பின் பழைய சிடி ஒன்றை வாங்கினேன். ஆமாம், வாங்கினேன். இதற்குப் பிறகு தட்டை டிஜிட்டலாக்கியதற்கு எந்த நியாயமும் மிச்சமில்லை என்று வீட்டில் சொன்னார்கள், பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பதிவைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் பொதுவானது ரத்தாகி வித்தியாசம் மட்டும் கேட்கும் என்று பார்த்தேன். நடக்கவில்லை. 33.35-க்கும் 33.33-க்கும் உள்ள இடைவெளி சில நொடியிலேயே இரண்டையும் பிரித்துவிடுகிறது. அதனால் பழைய முறைதான்: இரண்டையும் அருகருகே திறந்து, காதாலும் கண்ணாலும் ஒவ்வொரு குறிப்பாகப் பார்த்தேன்.

1.8 நொடிக் கணக்கில் மாட்டியவை ஒன்றுகூட சிடியில் இல்லை. அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு. கணக்கில் மாட்டாமல், ஒரு பக்கம் பெரிதாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பி நான் அழித்த சிலதுதான் காலை வாரின. அவை சிடியிலும் அதே இடத்தில் இருந்தன. யாருடைய கையோ கிதார் ஜாக்கைத் தொட்ட சத்தமாக இருக்கலாம். எல்லாவற்றையும் மூலப் பதிவிலிருந்து வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். முப்பத்தைந்து வருடப் பழைய 'கொர்' ஒன்றை அதன் இடத்தில் திரும்பப் பொருத்த ஓர் இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். 'பாக்ஸ் எல்டர்' நடுவே என் தட்டின் டக் ஒன்று தப்பித்துப் போயிருக்கிறது. அது சரியாக டிரம் அடியின் மேல் விழுந்திருப்பதால் கடைசி வரை தெரியவில்லை, தெரிந்த பிறகு எடுக்கவும் மனமில்லை.

மிச்சம் இருப்பது முதல் பாட்டின் தொடக்கத்தில் ஊசி துள்ளும் இடம்தான். விளிம்பு நெளிவு போனால்தான் அது சரியாகும். தட்டை இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரமாக வீட்டு கிரைண்டரைத் தூக்கி வைத்திருக்கிறேன். சமமாக அழுத்த வேறு எதுவும் அந்த எடையில் இல்லை. வெள்ளிக்கிழமை அம்மா இட்லிக்கு அரைக்க வேண்டுமாம். அதுவரை அது அங்கேதான் இருக்கும்.